அண்டாவின் அடியில் ஒரு பச்சை மேடு

(சமையலறையில் வீட்டு பீர் தயாராகிறது. கசப்புக்கான ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதித்து ஆறிய மால்ட் சாறு, அதாவது முளைகட்டிய தானியத்தின் இனிப்புச் சாறு, பெரிய அண்டாவில் நிற்கிறது. பக்கத்தில் நொதிக்க வைக்கும் வாளியும், அதன் வாயில் ஒரு மாவுச் சல்லடையும் இருக்கின்றன. சன்னலில் ஒரு பக்கம் மட்டும் திரைச்சீலை தொங்குகிறது. அத்தான் அண்டாவின் இரு காதுகளையும் பிடித்துத் தூக்க முனையும்போது மச்சினன் உள்ளே வருகிறான்.)

மச்சினன்: அத்தான், தயவுசெய்து அண்டாவைக் கீழே வையுங்கள். அதை அப்படியே சல்லடையில் கவிழ்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கூரையில் இருக்கும் அந்தப் பச்சைத் திட்டே சாட்சி சொல்கிறதே.

அத்தான்: அது போன முறை நடந்த கதை, மாப்பிள்ளை. வாளிக்குள் போன ஹாப்ஸ் இதழ் ஒன்று நுரையோடு மேலே ஏறி, வாயு வெளியேற மூடியில் செருகியிருந்த ஏர்லாக்கின் துளையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஈஸ்ட் விடுகிற கரியமில வாயுவுக்கு வெளியேற வழியில்லாமல், இரவு 2 மணிக்கு மூடி பறந்துவிட்டது. அதனால்தான் இந்த முறை ஒரு துணுக்குகூட வாளிக்குள் போகக் கூடாது என்று சபதம் எடுத்திருக்கிறேன்.

மச்சினன்: சபதத்தில் குறையில்லை, சல்லடையில்தான் குறை. நீங்கள் போட்டது முழுப் பூவா, பெல்லட்டா?

அத்தான்: பெல்லட்தான். பையில் இருக்கும்போது கோழித் தீவனம் போல் அடக்கமாக இருந்தது. கொதிக்கும் சாற்றில் விழுந்ததும் ஆளே அடையாளம் தெரியாமல் கரைந்துவிட்டது.

மச்சினன்: அது கரையவில்லை அத்தான், பிரிந்துவிட்டது. ஹாப்ஸ் பூவை உலர்த்தி, பொடியாக அரைத்து, அழுத்தி எடுப்பதுதான் பெல்லட். சூட்டில் விழுந்ததும் அது பழையபடி பொடியாகிவிடும். முழுப் பூவாக இருந்திருந்தால், அவை அண்டாவின் அடியில் மெத்தை போல் படுத்துத் தாமே வடிகட்டியாகியிருக்கும். பெல்லட் பொடியோ, வடிகட்டியின் ஒவ்வொரு கண்ணையும் தேடிப் போய் அடைக்கும்.

அத்தான்: நூற்றுக்கு நூறு உண்மை. நீ வருவதற்கு முன் மூன்று கரண்டி ஊற்றிப் பார்த்தேன். முதல் கரண்டி ஓடியது, இரண்டாவது கரண்டி யோசித்தது, மூன்றாவது அப்படியே நின்றுவிட்டது. சல்லடை முழுவதும் நனைந்த பாசி போல் ஒரு படலம் படிந்து, அதன் நடுவிலிருந்து நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தது. 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 19 லிட்டரும் இறங்க நான்கு நாளுக்கு மேல் ஆகிறது.

மச்சினன்: பிறகு என்ன செய்தீர்கள்?

அத்தான்: வாயால் ஊதினேன்.

மச்சினன்: ஆறிய சாற்றுக்கு மேலேயா ஊதினீர்கள்? கொதிக்கும் வரை அதில் எது விழுந்தாலும் வெந்து செத்துப்போகும்; ஆறிய பிறகோ, அதைத் தொடுகிற கரண்டி, குழாய், சல்லடை அத்தனையும் கிருமிநாசினியில் நனைந்து வந்திருக்க வேண்டும். நம் வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்களை அந்த இனிப்புச் சாற்றுக்குள் அனுப்பினால், ஈஸ்ட் வருவதற்குள் அவை பந்தியில் உட்கார்ந்துவிடாதா?

அத்தான்: பதறாதே, அந்த மூன்று கரண்டியையும் உன் அக்கா கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றிவிட்டாள்.

மச்சினன்: நாய் வாய் வைக்காத இடமாகப் பார்த்து ஊற்றியிருந்தால் சரி, ஏனென்றால் ஹாப்ஸ் நாய்க்கு நஞ்சு. அது கிடக்கட்டும். கொதிக்கும்போதே ஹாப்ஸைத் துணிப் பையில் கட்டிப் போட்டிருக்கலாமே?

அத்தான்: அதற்கும் முந்தைய முறை அதைத்தான் செய்தேன். சன்னல் திரையில் ஒன்றை எடுத்து, அதில் பாதியை வெட்டிப் பை தைத்து, 60 கிராமையும் திணித்து, வாயை இறுக்கிக் கட்டிப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து அறுத்துப் பார்த்தால், வெளியே பச்சைப் பந்து, உள்ளே நடுவில் நனையாத பொடி. பீரில் கசப்பே இல்லை. அதில் இறங்க வேண்டிய கசப்பெல்லாம் உன் அக்காவின் பேச்சில் இறங்கியிருந்தது.

மச்சினன்: பை பாதிக்கு மேல் நிறையக் கூடாது, அத்தான், ஹாப்ஸ் ஊறினால் உப்பும். அதிலுள்ள ஆல்ஃபா அமிலம் கொதியில் உருமாறித்தான் கசப்பைத் தருகிறது; அதற்குச் சாறு பூவின் ஊடே புரண்டு ஓட இடம் வேண்டும். அண்டாவில் தொங்கவிடும் 300, 400 மைக்ரான் எஃகு வலைக்கூடையும் விற்கிறார்கள். ஆனால் நுண்பொடி அதிலும் நழுவும். இன்றைக்கு நமக்கு அதெல்லாம் வேண்டாம். சாற்றை ஆற வைக்க உள்ளே இறக்கிய செப்புக் குழாய்ச் சுருளை வெளியே எடுத்துவிட்டு, கிருமிநாசினியில் கிடக்கும் அந்த நீளக் கரண்டியால் சாற்றை ஒரே திசையில் வேகமாகச் சுழற்றுங்கள்.

அத்தான்: சுழற்றினால் கனமானதெல்லாம் ஓரத்துக்கு அல்லவா ஓடும்?

மச்சினன்: எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். மேலே இருக்கும் சாறு வேகமாகச் சுழல்கிறது. அடியில் இருப்பது அண்டாவோடு உராய்ந்து வேகம் குறைகிறது. வெளியே தள்ளும் விசை அடியில் குறைவதால், ஓரத்துச் சாறு கீழே இறங்கி, அடி வழியாக நடுவை நோக்கி ஓடும்போது மண்டியையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே விட்டுவிடுகிறது. தேநீர்க் கோப்பையைக் கலக்கினால் இலைத்தூள் நடுவில் குவிவதும் இதனால்தான். ஆற்று வளைவுகளைப் பற்றி 1926-இல் எழுதிய கட்டுரையில் ஐன்ஸ்டீன் இதை விளக்கியிருக்கிறார்.

அத்தான்: (சுழற்றிக்கொண்டே) அவ்வளவு பெரிய மனிதரே மண்டியைப் பற்றி யோசித்திருக்கிறார். நான் யோசித்தால் மட்டும் உன் அக்காவுக்கு வேறு வேலையில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. சுழற்றிவிட்டேன், குழாயைப் போடலாமா?

மச்சினன்: மூடிவிட்டு 20 நிமிடம் சும்மா இருங்கள்.

(மூன்றாவது நிமிடத்தில் அத்தான் மூடியைத் திறக்கிறார்.)

அத்தான்: இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

மச்சினன்: நீங்கள் பார்ப்பதால் அது சீக்கிரம் நிற்காது.

(ஏழாவது நிமிடத்தில் மறுபடியும் திறக்கிறார். மச்சினன் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். நேரம் ஆனதும், சைஃபன் குழாயின் ஒரு முனையை அண்டாவின் ஓரத்தில் இறக்குகிறான். சாறு வாளிக்குள் இறங்குகிறது.)

அத்தான்: நுரைத்துக்கொண்டு விழுகிறதே, பரவாயில்லையா?

மச்சினன்: இப்போது நல்லதுதான், ஈஸ்ட் பெருகுவதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். நொதித்து முடிந்த பிறகு இப்படித் தளும்பினால்தான் பீர் கெட்டுப்போகும். அண்டாவைப் பாருங்கள், அத்தான்.

அத்தான்: அடடா! சாறு வற்ற வற்ற நடுவில் ஒரு பச்சை மேடு எழும்புகிறதே! ஓரத்தில் அண்டாவின் அடி பளிச்சென்று தெரிகிறது. வாளியில் விழுவதில் ஒரு துணுக்குகூட இல்லை.

மச்சினன்: போதும், குழாயை எடுத்துவிடுகிறேன்.

அத்தான்: ஏன் எடுக்கிறாய்? மேட்டைச் சுற்றி இன்னும் ஒரு லிட்டராவது இருக்குமே.

மச்சினன்: அது அண்டாவுக்கு உரியது. 19 லிட்டர் பீருக்கு 21 லிட்டர் சாறு காய்ச்சச் சொன்னது இதற்காகத்தான்.

அத்தான்: அண்டாவைக் கொஞ்சமே கொஞ்சம் சாய்க்கிறேன். வெறும் அரை லிட்டர்தான், மாப்பிள்ளை.

(சாய்க்கிறார். மேடு சரிகிறது. குழாய்க்குள் பச்சைக் குழம்பு பாம்பு போல் ஏறி இறங்கி, வாளிக்குள் போய் விழுகிறது. அத்தான் தலையில் கை வைத்துக்கொள்கிறார்.)

அத்தான்: என் சபதம் போச்சு!

மச்சினன்: சபதம்தான் போனது, பீர் போகவில்லை. இரண்டு கரண்டி மண்டியால் குடி முழுகிவிடாது. நொதித்து முடிந்ததும் அது ஈஸ்ட்டோடு அடியில் படிந்துவிடும். அந்தக் கசட்டில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய கொழுப்பும் கொஞ்சம் துத்தநாகமும்கூட இருக்கின்றன. மண்டி வாளி நிறைய வந்தால்தான் பீரின் அளவு குறையும், ஈஸ்ட்டை மறுமுறைக்கு எடுத்து வைக்க முடியாது. இந்த முறை ஏர்லாக்குக்குப் பதிலாக அகலமான குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்க் குவளையில் விடுங்கள்; மூடி பறக்காது. அது போகட்டும், செய்முறைத் தாளின் இரண்டாம் பக்கத்தைப் படித்தீர்களா?

அத்தான்: இரண்டாம் பக்கம் என்று ஒன்று இருக்கிறதா? (தாளைத் திருப்பி உரக்கப் படிக்கிறார்.) ‘நொதித்தல் அடங்கிய பின், மணத்துக்காக 60 கிராம் ஹாப்ஸை வாளிக்குள் போடவும்.’ மாப்பிள்ளை, இது அச்சுப் பிழைதானே?

மச்சினன்: இல்லை, அத்தான். கொதியில் கசப்பு இறங்கும், ஆனால் மண எண்ணெய் ஆவியோடு போய்விடும். அதனால் மணத்துக்குப் பச்சையாகவே போடுவார்கள். பிறகு இரண்டு நாள் குளிர்பெட்டியில் 2, 3 டிகிரியில் வைத்தால் எல்லாம் அடியில் இறங்கிவிடும்.

அத்தான்: ஒரு துணுக்கு உள்ளே போகாமலிருக்க ஐன்ஸ்டீன் வரைக்கும் போய் வந்தோம், இப்போது அதையே கைநிறைய அள்ளி நானே போட வேண்டுமா?

மச்சினன்: மனம் ஒப்பவில்லை என்றால், கொதிநீரில் போட்டெடுத்த துணிப் பையில் கட்டிப் போடலாம்.

(அத்தானின் பார்வை மெல்ல சன்னல் பக்கம் திரும்புகிறது. மச்சினன் எழுந்து போய் சன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறான்.)

மச்சினன்: அத்தான், இந்த வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே திரை இதுதான்.

அத்தான்: பை பாதிக்கு மேல் நிறையக் கூடாது என்று நீதானே சொன்னாய்? போன தடவை பாதித் திரையில் தைத்ததுதான் நான் செய்த பிழை. கொஞ்சம் நகர்ந்துகொள், மாப்பிள்ளை.