நாடாவின் இனிமை வேறு, மூலத்துக்கு நெருக்கம் வேறு

ஒலிநாடாவில் பதிவான இசையே இயல்பானது, டிஜிட்டல் பதிவு உயிரற்றது என்ற கருத்து இசை ஆர்வலர்களிடையே இன்றும் வலுவாக இருக்கிறது. நாடாவின் ஒலி எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் அதுவே மூல ஒலிக்கு அதிக நெருக்கமானது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நாடாவில் பூசப்பட்ட காந்தத் துகள்கள் ஓர் அளவுக்கு மேல் காந்தமேற முடியாதவை. ஒலி அந்த எல்லையை நெருங்கும்போது அதன் உச்சங்கள் சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல மழுங்குகின்றன. மூலத்தில் இல்லாத மேற்சுரங்களும் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளாக எழும் ஒலிகள்), குறிப்பாக மூன்று மடங்கு அதிர்வெண் கொண்டது, உடன் சேர்ந்துகொள்கின்றன. தாளக் கருவியின் அடி திரண்டு ஒலிப்பதற்கும் குரல் சற்றுக் கனத்துக் கேட்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். அதாவது, நாம் ரசிக்கும் அந்தக் கனிவின் பெரும்பகுதி பாடகரிடமிருந்து வந்ததன்று, நாடா சேர்த்துக் கொடுத்தது.

1982-இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலி அலையின் அளவை நொடிக்கு 44,100 முறை அளந்து, அந்த மாதிரிகள் ஒவ்வொன்றையும் 16 பிட் எண்ணாகப் பதிகிறது. மாதிரிகளுக்கு இடையிலுள்ள ஒலி தொலைந்து, அலை படிக்கட்டாகிவிடுகிறது என்று படம் வரைந்து காட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதிக்குக் கீழ்ப்பட்ட அதிர்வெண்கள் மட்டுமே ஒலியில் இருந்தால் மூல அலையை முழுமையாக மீட்கலாம் என்பதை அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949-இலேயே கணிதமாக விளக்கிவிட்டார். நம் செவிக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் இதற்குள் அடங்கிவிடுகிறது. 16 பிட் பதிவின் ஒலிவீச்சு, அதாவது அடி இரைச்சலுக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான இடைவெளி, ஏறத்தாழ 96 டெசிபல். இரைச்சல் குறைப்பு இல்லாத ஸ்டுடியோ நாடா பொதுவாக 70 டெசிபலை ஒட்டியே நின்றுவிடுகிறது.

ஐயமுள்ளவர்கள் ஒரு சோதனை செய்யலாம். நல்ல நாடா ஒன்றை ஓடவிட்டு, அதன் ஒலியை டிஜிட்டலில் பதிந்து, இரண்டின் ஒலியளவையும் கருவிகொண்டு சமமாக்கிய பின், எது எதுவென்று அறியாமல் கேட்க வேண்டும். ஒலியளவைச் சமமாக்குவது இதில் மிக முக்கியம், ஏனெனில் சற்றே உரக்க ஒலிப்பது நமக்குப் பெரும்பாலும் மேலானதாகத் தோன்றும். நாடாவின் கனிவு நகலிலும் அப்படியே இருக்குமானால், டிஜிட்டல் எதையும் பறிக்கவில்லை என்பது தெளிவு. டிஜிட்டல் பதிவை நாடாவுக்கு மாற்றினால் அங்கே இரைச்சலும் ஒலியின் தன்மையில் மாற்றமும் சேர்ந்தே வரும்.

பல சிடிகள் காதை உறுத்துவது உண்மைதான். 1990-களிலிருந்து மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் சீரமைப்பில்) ஒலியை இயன்றவரை உரக்க நெருக்கி, மென்மைக்கும் முழக்கத்துக்கும் இடையிலான வேறுபாட்டை அழித்த வழக்கமே அதற்குக் காரணம். அந்தக் குற்றத்தை ஊடகத்தின் மேல் சுமத்துவது நியாயமன்று. அப்படி நெருக்கச் சொல்பவர்களிடமும் அதற்கு இணங்குபவர்களிடமும்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.