தமிழோசை ஒலித்தது அந்த வட்டக் கட்டடத்தில் அல்ல

தருமபுரி, பாலக்கோடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வட்டக் கட்டடத்தின் படம் சுற்றுகிறது. '1941 முதல் தமிழோசை (பிபிசியின் தமிழ் வானொலிச் சேவை) ஒலித்த பிபிசி கட்டடம், 2013இல் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது' என்கிறது அந்தப் பதிவு.

இரண்டுமே தவறு. அது மேற்கு லண்டனில் உள்ள பிபிசி தொலைக்காட்சி மையம். திறந்ததே 1960 ஜூன் 29இல்தான். கிடைத்த நிலமோ கோணலானது. அதில் எப்படிக் கட்டுவது என்று யோசித்த கட்டடக் கலைஞர் கிரகாம் டாபர்ன், ஒரு கடித உறையில் கேள்விக்குறி போட்டாராம். அந்த வடிவமே வரைபடமாயிற்று: நடுவில் வளையம், அதைச் சுற்றி ஸ்டூடியோக்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டடக் கதை இது.

2012இல் விற்றார்கள், 2013 மார்ச்சில் பிபிசி வெளியேறியது. வளாகத்தில் சில பகுதிகள் இடிக்கப்பட்டன. வதந்திக்கு வித்து அதுவாக இருக்கலாம். ஆனால் நடு வளையம் 2009இலேயே இடிக்காமல் காக்க வேண்டிய பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இன்று அங்கே வீடுகள் இருக்கின்றன. 3 ஸ்டூடியோக்கள் 2017இல் மறுபடி திறந்தன.

தமிழோசை பல பத்தாண்டுகள் ஒலித்தது மத்திய லண்டனின் புஷ் ஹவுஸிலிருந்து. 2012இல் பிபிசியின் உலக சேவை அங்கிருந்து இடம் மாறியது. சிற்றலையில் காதை ஒட்டவைத்துக் கேட்ட நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த முகவரியையாவது சரியாகச் சொல்வோம். தமிழோசை வானொலி நின்றது 2017 ஏப்ரல் 30இல்.