தியேட்டரை இடிக்கும் முன் அந்த வசூல் நோட்டுகளைக் கேட்டு வாங்குங்கள்

வேலூர் வரலாறு என்று பேச்செடுத்தால் கோட்டை, 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி, ஜலகண்டேஸ்வரர் கோயில், ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனை, அதோடு முடித்துவிடுகிறோம். எல்லாம் பெருமைக்குரியவைதான். ஆனால் போன நூற்றாண்டில் இந்த ஊர் ஜனங்கள் வேலை முடிந்து சாயங்காலம் எங்கே போனார்கள், கையில் இருந்த காசை எதற்குச் செலவு செய்தார்கள், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதும் வரலாறு இல்லையா? தமிழ்ச் சமூகத்தில் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்த முதல் இடம் சினிமா கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு இல்லை, டிக்கெட் காசு என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். சாதி பார்த்துத் தெரு பிரிந்து கிடந்த வடாற்காட்டில், அதாவது வேலூர் இருந்த அந்தப் பழைய மாவட்டத்தில், இது சின்ன விஷயமா?

ராஜா தியேட்டர் ஸ்டாப், நேஷனல் தியேட்டர் சிக்னல் என்றுதான் இன்றைக்கும் வேலூரில் வழி சொல்கிறோம். தினமும் வாயில் வருகிற பெயர்கள். ஆனால் அந்தத் தியேட்டர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் நம்மில் யாரால் முடியும்?

பழைய தியேட்டர்களை விற்று இடிக்கிறார்களே, அந்தக் கட்டடம் போவதை நினைத்து மட்டும் இதை எழுதவில்லை. எனக்குக் கட்டடத்தைவிடக் காகிதம் முக்கியம். ஒவ்வொரு தியேட்டரிலும் டி.சி.ஆர். எழுதுவார்கள், அதாவது அன்றாட வசூல் கணக்கு. எந்தக் காட்சிக்கு எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட், ஆரம்ப நம்பர், முடிவு நம்பர், வரி போக மிச்சம், அதில் விநியோகஸ்தர் பங்கு, எல்லாம் அதில் இருக்கும். ஒரு ஊரின் முப்பது நாற்பது வருடத்து டி.சி.ஆர். நோட்டுகள் சேர்ந்து கிடைத்தால் என்னென்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்: பரீட்சை மாதத்தில் கூட்டம் எவ்வளவு குறைந்தது, மழைக்கு எத்தனை காட்சி ரத்தானது, தரை டிக்கெட் எந்த வருடத்தோடு நின்றது, குடியாத்தத்தில் நெசவுக்கூலியும் பீடிக்கூலியும் கைக்கு வந்த நாள் எது என்பதைக்கூட வசூலை வைத்தே ஊகிக்கலாம். தியேட்டரை விற்கும்போது இந்த நோட்டுகள்தான் முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. எடைக்கு எடை. வயிறு எரிகிறது.

வடாற்காடு என்ற பெயரில் இன்றைக்கு மாவட்டமே இல்லை. 1989இல் பிரித்தார்கள், 2019இல் மறுபடியும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக்கினார்கள். ஆனால் சினிமா விநியோகத்தில் மட்டும் வடாற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு சேர்ந்த என்.எஸ்.சி. ஏரியா அப்படியே நிற்கிறது. பழைய மாவட்டத்தின் எல்லைக்குள் படப்பெட்டி எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்று தேடினால், பஸ் பாதையும் சந்தையும் கூலியும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பது புரியும்.

இன்னொன்று. தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் என்று சொல்லப்படும் ‘கீசகவத’த்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஸ்டுடியோ வைத்து 1910களின் பிற்பகுதியில் அதை எடுத்தார். இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. ஊமைப்படக் காலத்தில் யாரும் எடுத்து வைக்கவில்லை, சரி. நம் காலத்திலுமா?

தியேட்டர் உரிமையாளர்களை நஷ்டத்தில் ஓட்டச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 2017இல் ஜி.எஸ்.டி.யோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் வந்தது, அப்புறம் கொரோனா, அப்புறம் எல்லார் கையிலும் போன். ஒற்றைத் திரையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? விற்கட்டும். ஆனால் விற்பதற்கு முன்னால் அந்த நோட்டுகள் இருக்கும் அலமாரியைத் திறந்து காட்டட்டும். 1955ஆம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி தியேட்டர் நடத்த ‘சி’ பார்ம் உரிமம் கொடுப்பது கலெக்டர்தான், அதனால் கட்டட வரைபடமும் இருக்கை விவரமும் அரசாங்கக் கோப்புக்குள் போயிருக்கும். அவற்றையும் தேடி எடுக்க வேண்டும். ஊரீசு கல்லூரியும் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியும் இதே ஊரில்தான் இருக்கின்றன, வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் எது? கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு சுவர் இதற்கு ஒதுக்கினால் போதும்.

காகிதத்தைவிட அவசரம் ஆட்கள். புரொஜெக்டருக்குள் இரண்டு கார்பன் குச்சிக்கு நடுவில் எரியும் வெளிச்சத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் கேபின் சூட்டில் நின்ற ஆபரேட்டர்கள், ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டரில் ஓட்டுவதற்காக முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பறந்தவர்கள், பெண்கள் கவுன்டரில் டிக்கெட் கிழித்த அக்காக்கள். பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது பல ஆபரேட்டர்களுக்கு வேலையே போய்விட்டது. அவர்களில் பலருக்கு இப்போது எழுபது தாண்டியிருக்கும்.

வேலூர், காட்பாடி, ஆற்காடு, ஆரணி, ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கம் உங்கள் அப்பாவோ தாத்தாவோ தியேட்டரில் வேலை பார்த்திருந்தால், போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பேச விடுங்கள். வீட்டில் பழைய டிக்கெட், நோட்டீஸ், ஸ்லைடு, ஊழியர்கள் சேர்ந்து எடுத்த போட்டோ எது இருந்தாலும் இங்கே போடுங்கள், எந்த ஊர், எந்தத் தியேட்டர், ஏறக்குறைய எந்த வருடம் என்று ஒரு வரி சேர்த்து.