எரிந்த காட்டுக்குக் கடப்பாரை எதற்கு?

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கருகிக் கிடக்கும் மலைச்சரிவு, கையில் நாற்றோடு வரிசையாக நிற்கும் பிள்ளைகள், 'செத்த காட்டுக்கு உயிர் கொடுப்போம்' என்று பேனர். தீ அணைந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. படத்தின் ஓரத்தில் இரண்டு பேர் கரி பிடித்த மரம் ஒன்றை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் 'வெட்டாதீர்கள், அது துளிர்க்கும்' என்று ஒரு வரி எழுதினேன். வந்த பதில்களைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே இல்லை.

அந்தக் காடு சாகவில்லை. எரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்பா ஈரோடு மாவட்டத்து மலையூரான தாளவாடிப் பக்கம் பதினாறு கோடைக்குத் தீக்காவலராகப் போனவர். தை பிறந்தால் பயர் லைன், அதாவது தீ தாண்டாதபடி புல்லும் சருகும் நீக்கிய பட்டை, வெட்டப் போவார், பங்குனியில் பச்சைத் தழையை ஒடித்துத் தீயை அடித்துக்கொண்டிருப்பார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருமுறை எரிந்த காட்டுக்குள் கூட்டிப்போனார். இடுப்பு உயரத்துக்குக் கரியாக நின்ற வேங்கை மரத்தைக் காட்டி, கத்தியைக் கையில் கொடுத்து, "கீறிப் பாரு கண்ணு" என்றார். கரி உதிர்ந்தது, பட்டையும் விரல் கனத்துக்குப் பெயர்ந்தது. உள்ளே ஈரம். கொஞ்ச நேரத்தில் சிவப்பாகப் பால் கசிந்து கத்தி முனையில் ஒட்டியது. எங்கள் ஊரில் குழந்தைக்குப் பொட்டு வைப்போமே, அதே வேங்கைப் பால். "செத்ததுக்கு ரத்தம் வருமா?" என்று கேட்டார். அதை இன்றுவரை மறக்கவில்லை.

பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உயிர் இருக்கிறது. மெல்லிய ஒரு அடுக்கு. சுமார் 60 டிகிரிச் சூடு ஏறினால் அது வெந்துவிடும். தடித்த பட்டை அந்தச் சூட்டை உள்ளே விடுவதில்லை. நம் இலையுதிர்காட்டில் தீ பெரும்பாலும் தரையோடு போகும், புல்லையும் சருகையும் தின்றுவிட்டு நகர்ந்துவிடும். வளர்ந்த மரத்தின் தலை அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கும். தேக்கங்கன்றைப் பாருங்கள். வருஷா வருஷம் தண்டு கருகும், கிழங்கு மாதிரி வேர் மட்டும் மண்ணுக்குள் தடித்துக்கொண்டே போகும். போதுமான பலம் சேர்ந்த வருஷம் ஒரே மூச்சில் தீயின் உயரத்தைத் தாண்டி எழும்பிவிடும். நீங்கள் குழி வெட்டுகிறீர்களே, அந்தக் கடப்பாரை இறங்குவது அந்த வேரின் மேல்தான்!

2019 பிப்ரவரியில் கர்நாடகத்துப் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தில் 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. அந்த ஆனியில் அந்த வழியாகப் போனேன். சாலையோரத்துக் கரிய தண்டுகளின் அடியில் கைக்குழந்தையின் விரல் மாதிரி செந்துளிர், சுற்றிலும் முழங்கால் உயரப் புல், அதில் மான் மேய்ந்துகொண்டிருந்தது.

"படத்தைப் பார்த்தே எப்படிச் சொல்கிறாய்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி, அந்த ஒரு மரத்தைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அறுத்தவர்களாலும் முடியாது. கோடைமழை விழுந்த பிறகுதான் தெரியும். அதுவரை பொறுக்க என்ன கஷ்டம்? துளிர்க்காமலே போனாலும், நிற்கிற பட்டமரம் மரங்கொத்திக்கு வீடு, அடியில் வரும் கன்றுக்கு நிழல்.

"அப்போ தீ நல்லது என்கிறாயா?" நான் எங்கே சொன்னேன்? உயர்ந்த மலைகளின் ஈரப் பள்ளங்களில் இருக்கும் என்றும் பச்சையான சோலைக்காட்டு மரங்களுக்கு மெல்லிய பட்டை. அங்கே தீ புகுந்தால் நம் ஆயுளில் மீளாது. உண்ணிச்செடி (லாண்டானா என்ற அந்நியப் புதர்) மண்டிய இடத்தில் அதுவே ஏணியாகித் தீயை மரத்தின் தலைக்கு ஏற்றிவிடும். ஒரே இடம் அடுத்தடுத்து எரிந்தால் கன்று தலையெடுக்கவே முடியாது. எல்லாம் தெரியும். அப்பாவின் வலது முன்கையில் கடைசி வரை இருந்த தழும்பு தீ போட்டதுதான். எனக்குப் போய்த் தீ கெட்டது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

"நாற்று நட்டால் என்ன கெட்டுப்போகும்?" நிறையக் கெட்டுப்போகும். நர்சரிப் பை மண்ணோடு பார்த்தீனியக் களையின் விதையும் ஏறிவரும். சாம்பல் மண் இளகிக் கிடக்கிற நேரத்தில் நூறு பேர் மிதித்தால் முதல் மழையிலேயே மேல்மண் ஓடைக்குப் போய்விடும். அந்தக் காட்டுக்கு எந்த மரம் எந்த இடத்தில் என்று அதன் வேருக்கும் விதைக்கும் தெரியும். அனுமதி வாங்கித்தான் போனோம் என்கிறீர்கள். அந்தக் காகிதத்தை வேர் படிக்குமா?

இதற்கெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. வலித்தது வேறு ஒரு பதில். 'மாடு மேய்க்கிற கும்பல்தான் கொளுத்தியிருக்கும், இவனும் அந்த ஆள்தான்.' அதற்கு நாற்பத்தேழு லைக். அணைக்கப் போனவர்களும் அந்தக் கும்பல்தான் ஐயா. செருப்பில்லாமல் போனவர்கள். கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையின் பழங்குடிகளான சோளகர்கள் கோடை முற்றும் முன்பே சருகை மட்டும் மெல்ல எரித்து வந்தவர்கள். 1974-இல் அந்த மலை சரணாலயம் ஆன பிறகு வனத்துறை அதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகுதான் உண்ணிச்செடி மண்டியது, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறியது என்று அவர்கள் சொல்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து யாராவது கேட்டோமா? பேனரில் அவர்களில் ஒருவர் முகமாவது இருந்ததா?

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல மனசோடுதான் போயிருக்கிறார்கள். கூட்டிப்போன பெரியவர்களிடம்தான் கேட்கிறேன். வரும் ஞாயிறு இரண்டாம் கட்டம் என்று அறிவித்திருக்கிறீர்கள். தள்ளிவையுங்கள். சித்திரை மழை விழட்டும். அப்புறம் வெறுங்கையோடு போய்ப் பாருங்கள், கூப்பிட்டால் நானும் வருகிறேன். முடியவே முடியாது, போய்த்தான் தீருவோம் என்றால் வெட்டிய குழிகளை மூடிவிட்டாவது வாருங்கள்.