தண்ணி மட்டும் விட்டால் பையைக் கழுவத் தேவையில்லையா?

‘முதுகில் போடுகிற, குழாய் வைத்த தண்ணீர்ப் பைக்குள் வெறும் தண்ணி விட்டால் கழுவத் தேவையில்லை, இரவில் பிரிட்ஜில் வைத்தால் கிருமி செத்துவிடும்’ என்று வன்னிப் பக்கம் வட்சப்பில் ஒன்று சுற்றுகிறது. பிழை. குளிர் கிருமி வளர்வதை மெதுவாக்கும், கொல்லாது. உறிஞ்சும்போதெல்லாம் கொஞ்சம் எச்சில் குழாய்க்குள் திரும்பிப் போகிறது, மாங்குளம் தாண்டி ஏ9 வீதி வெயிலில் சைக்கிள் மிதிக்கிறவரின் முதுகுச் சூடும் சேர்ந்தால் உள்ளே வழுவழுவென்று கிருமிப் படலம் பிடிக்கும். கடித்து உறிஞ்சும் முனையைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். ஜீவனி (தண்ணியில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) கரைத்திருந்தால் இன்னும் கெதியாய்ப் பிடிக்கும். அன்றன்றே சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணியும் விட்டு, குழாயை மெல்லிய பிரஷ்ஷால் உரஞ்சிக் கழுவி, பை ஒட்டிக்கொள்ளாமல் உள்ளே ஒரு அகப்பையைக் கொடுத்து நிழலில் காயவிடுங்கள். கொதிதண்ணி வேண்டாம், சில பைகளின் ஒட்டு விட்டுவிடும்.