ஜூன் மாதத்தில் பறவை எண்ணினால்

பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் போன வாரம் ஒரு அத்தை பிடித்துக்கொண்டார். "என்ன வேலைம்மா பார்க்கிற?" கன்சல்டன்சி, சூழலியலாளர் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன், புரியவில்லை. "ஒரு இடத்துல கட்டுறதுக்கு முன்னாடி அங்க என்ன பறவை, என்ன மரம் இருக்குன்னு எண்ணிச் சொல்லணும் அத்தை." "அதுக்கும் சம்பளம் தர்றாங்களா?"

தருகிறார்கள். மலேசியாவின் 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவின்படி, பட்டியலில் உள்ள திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அதை எழுதுகிறவருக்குப் பணம் கொடுப்பவர் அந்தத் திட்டத்தைக் கட்டப்போகிறவர். பேஸ்புக்கில் எல்லாரும் இதைத்தான் திட்டுகிறார்கள். நியாயம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் "இந்தப் பறவையை எடுத்துவிடு" என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இல்லை. சர்வே எந்த மாதம் என்று முடிவானதுமே பாதி அறிக்கை எழுதியாகிவிடும்.

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைக் கரையோரம் ஒரு திட்டம் (பெயர் வேண்டாம்). எனக்குக் கிடைத்தது ஜூன் மாதம், மூன்று நாள். தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் சேற்றுவெளியைத் தெரிந்தவர்களுக்கு இப்போதே சிரிப்பு வரும். சைபீரியாப் பக்கமிருந்து உள்ளான்களும் கோட்டான்களும் (ஆந்தை இல்லை, வளைந்த அலகுள்ள கரைப்பறவை) அங்கே வந்திறங்குவது செப்டம்பர் வாக்கில். மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். உலகின் மிக அரிதான கரைப்பறவைகளில் ஒன்றான நோர்ட்மன் பச்சைக்காலியும் அந்தக் கூட்டத்தில் வரும். ஜூனில்? கொக்கு, மீன்கொத்தி, ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட சில இளம் பறவைகள். படகு ஓட்டிய பாக்சிக் (மலாயில் பெரியவர்களை இப்படித்தான் அழைப்போம்) என் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: "வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கும்போது வந்து கதவைத் தட்டுறியே."

போதாததற்கு, நாங்கள் போனது நீர் வற்றிய நேரம். அப்போது பறவைகள் மைல் கணக்கில் சிதறி மேயும், எண்ணவே முடியாது. நீர் ஏற ஏறத்தான் கரைப்பக்கம் ஒதுங்கிக் கூட்டமாக நிற்கும். வலசைப் பறவைக் கூட்டங்கள் "காணப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். சுருக்கப் பக்கத்தில் அது "இல்லை" ஆகியிருந்தது. இரண்டும் ஒன்றா?

பாஸைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பருவத்துக்கும் ஆள் அனுப்புவதாக விலை போட்டால் வேலை அடுத்த கம்பெனிக்குப் போய்விடும். மாற வேண்டியது வேறு இடத்தில். பெரிய திட்டங்களுக்கு அறிக்கைக்கு முன்பே ஆய்வு வரையறையை, அதாவது எதை எப்படி ஆராயப்போகிறோம் என்ற தாளை, சுற்றுச்சூழல் துறையிடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். கரையோரத் திட்டமென்றால் அந்தத் தாளிலேயே மாதத்தையும் நீரேற்ற நேரத்தையும் எழுதிக் கட்டாயமாக்கினால் போதும். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே செலவு, ஒரே காத்திருப்பு. டெவலப்பருக்கு நாலைந்து மாதம் தாமதமாகும், ஆகட்டுமே.

அக்டோபரில் லீவு போட்டுவிட்டு அங்கே போகிறேன். பாக்சிக்கிடம் படகு சொல்லியாகிவிட்டது. அத்தை கேட்டால், இதற்குச் சம்பளம் கிடையாது.