மின்னதிர்ச்சி கொடுக்கத் தாதியருக்குப் பயமா?

"நோயாளியின் இதயம் நின்றால், தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியர் மின்னதிர்ச்சிக் கருவியைத் தொடப் பயந்து சும்மா மார்பை அழுத்திக்கொண்டிருப்பார்கள்" என்று சிலர் எழுதுவது தவறான எண்ணத்தைத் தருகிறது. இதயத்துடிப்பைக் காட்டும் திரையில் கோடு நேராகிவிட்டால் மின்னதிர்ச்சி பயன்படாது. அப்போது மார்பை அழுத்துவதும் மருந்தும்தான் சிகிச்சை. இதயத்தின் கீழறை ஒழுங்கின்றித் துடிக்கும்போதோ நிலைமை வேறு: அப்போது மின்னதிர்ச்சி தேவை; அதைக் கொடுக்காமல், மார்பு அழுத்தமும் இல்லாமல் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

தயக்கமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் தாதியாகப் பணிபுரியும் எனக்குத் தெரிந்தவரை, அது பயிற்சி போதாமையாலும், தவறினால் பழி யார்மீது விழும் என்ற கவலையாலும் வருவது. ஓர் இரவு, புதிதாக வந்த தாதித் தங்கச்சி ஒருத்தி, வியர்த்திருந்த மார்பைத் துடைத்து, ஒட்டுத்தகடுகளைப் பதித்து, "எல்லாரும் விலகுங்க" என்று நடுங்கும் குரலில் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். வைத்தியர் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்.